பூரணிக்கு முகம் தேடுகிறேன்: எங்கள் ஊர் ஆளாகத் தெரியும் பாத்திரப் படம் எங்கே கிடைக்கும்?

இருபதுமுகப்பகடை (கொக்குவில்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டு விறாந்தையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) விளையாடத் தொடங்கினோம். ஒரு அரிக்கன் லாம்பு, நாலு பென்சில், கொப்பியில் கிழித்த ஒற்றைகள், ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு செட் பகடை. மின்சாரம் வந்த பிறகும் நாங்கள் விடவில்லை. இன்றைக்கும் சனிக்கிழமை பின்னேரம் என்றால் வீட்டு வாசலில் சைக்கிள்கள் நிற்கும். கதை நடத்துவது நான்.

கதை நடக்கும் உலகம் நாங்களே உண்டாக்கியது. ஏழு தீவுகள், நடுவில் வற்றிப்போன கடல், அதில் ஒரு தீவில் உடையவன் இல்லாத குதிரைக் கூட்டம். நெடுந்தீவுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தக் குதிரைகளை எங்கே பிடித்தேன் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது என் சித்தியின் மகள் புதிதாக வந்து சேர்ந்திருக்கிறாள். ஏஎல் எழுதிவிட்டு இருக்கிறாள். அவள் உண்டாக்கிய பாத்திரத்தின் பெயர் பூரணி. வயது ஐம்பது, ரேஞ்சர் வகுப்பு (காடும் வெளியும் அறிந்த வில்லாளி), தொழில் பனை ஏறுவது. பனை உச்சியில் இருந்து பார்த்தால் கடல் தாண்டி வருகிற படையும் தெரியும், புயலும் தெரியும், அதனால்தான் ஊரார் அவளைக் காவலுக்கு வைத்தார்கள் என்று தங்கச்சி எழுதிக்கொண்டு வந்தாள். பதினெட்டு வருடமாகக் கற்பனைக் கதைகள் படிக்கிற எனக்கு இப்படி ஒரு ரேஞ்சர் தோன்றியதே இல்லை.

படம்தான் கிடைக்கவில்லை. பெண் ரேஞ்சர் என்று தேடினால் வருவது எல்லாம் இருபது வயது, வெள்ளைத் தோல், பச்சை முக்காடு. வயதைச் சேர்த்துத் தேடினால் சூனியக்காரி வருகிறாள். இந்தியப் பெண் என்று சேர்த்தால் கல்யாணத்துக்கு வெளிக்கிட்டது போல நகை போட்ட மகாராணி வருகிறாள், இல்லாவிட்டால் நாலு கையோடு அம்மன் வருகிறாள். வேலை செய்து காய்த்த கையோடு ஒரு பெண் வரவில்லை. எங்கள் குழுவில் ஒருவர் செயற்கை நுண்ணறிவில் போட்டுப் பார்த்தார். பொட்டு புருவத்துக்கு மேல் ஏறி நின்றது, சேலைத் தலைப்பு தோளில் தொடங்கி எங்கேயும் போகாமல் மறைந்தது, ஏறுகிற கயிறு மணிக்கட்டில் இருந்தே முளைத்திருந்தது. தங்கச்சி பார்த்துவிட்டு, "இது ஆரோ ஒராள், பூரணி இல்லை" என்றாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். போன வருடம் ஒரு நாள் வெளியாட்களையும் கூப்பிட்டு விளையாட்டு நடத்தினோம். அதற்கு பின்ரெஸ்டில் எடுத்த ஒரு போர்வீரன் படத்தை பெரிதாக அடித்து ஒட்டினேன். பிறகுதான் தெரிந்தது, வரைந்தவர் தன் பக்கத்தில் "அனுமதியில்லாமல் வேறெங்கும் போடவேண்டாம்" என்று தெளிவாக எழுதியிருந்தார். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. இனி ஒரு படம் எடுத்தால் முறையாகத்தான் எடுப்பேன்.

எங்கே தேடுவது? கிடைக்காவிட்டால், வரையத் தெரியாத நாங்கள் எங்கே தொடங்குவது?

---

பழங்கடதாசி எழுதியது:

முதலில் பின்ரெஸ்ட் பற்றி. அங்கே படம் இருக்கும், வரைந்தவர் இருக்கமாட்டார். பிடித்த படம் கண்டால் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ அந்தப் படத்தையே கொடுத்துத் தேடுங்கள். பெரும்பாலும் ஆர்ட்ஸ்டேஷனிலோ டீவியன்ட்ஆர்ட்டிலோ வரைந்தவரின் சொந்தப் பக்கத்தில் போய் நிற்கும். வீட்டு மேசையில் ஆறு பேர் பார்ப்பதற்கு என்று சொல்லிக் கேட்டால் பலர் சந்தோஷமாக ஓம் என்பார்கள். நான் மூன்று பேரிடம் கேட்டு இரண்டு பேர் தந்திருக்கிறார்கள். மூன்றாமவர் பதில் போடவில்லை, அதனால் அந்தப் படத்தைத் தொடவில்லை.

பிக்ரூ என்ற ஜப்பானியத் தளத்தில் முகம், தலைமுடி, உடுப்பு என்று தெரிந்து தெரிந்து அடுக்கி ஒரு உருவம் செய்யலாம். அங்கே ஒவ்வொரு தொகுப்பையும் வெவ்வேறு ஓவியர் செய்திருப்பார். சொந்தப் பாவனைக்கு மட்டுமா, மாற்றலாமா, விற்கலாமா என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் தொடங்கவேண்டாம். ஹீரோ ஃபோர்ஜில் முப்பரிமாண உருவத்தை உலாவியிலேயே செய்து சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், செய்து பார்க்கக் காசு இல்லை, வாங்கினால்தான் காசு. பூரணியின் உடுப்பு அங்கே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். உடலின் பருமனையும் நிற்கிற விதத்தையும் முடிவு செய்ய உதவும்.

ஆனால் நீங்கள் தேடவேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியிலும் 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஓவியர்கள் கிழக்கிந்தியக் கம்பனி ஆட்களுக்காகப் படத்தொகுதிகள் வரைந்தார்கள். கம்பனி ஓவியம் என்று சொல்வார்கள். ஒரு தாளில் ஒரு தொழில் செய்கிற கணவனும் மனைவியும் கையில் கருவிகளோடு நிற்பார்கள். நெசவாளர், குயவர், தச்சர், கள் இறக்குகிறவர் என்று போகும். திருச்சியில் அப்பிரகத் தகட்டின் மேலேயே வரைந்தார்கள். இவை இன்றைக்கு லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, விக்கிமீடியா பொதுவகத்திலும் நிறையக் கிடைக்கும். வரைந்தவர்களின் பெயர் பெரும்பாலும் இல்லை, அது ஒரு துக்கம். ஆனால் கட்டிய துணி, தூக்கிய கூடை, நிற்கிற கால் எல்லாம் கண்ணால் பார்த்து வரைந்தவை. நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 பெப்ரவரியில் உரிமை முடிந்த தன் படங்களை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படங்களை வியாபாரம் அல்லாத தேவைக்கு, எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம். இரண்டும் ஒன்றல்ல, உரிமத்தைப் பார்த்து எடுங்கள்.

---

கரையோரம் எழுதியது:

படம் என்னத்துக்கு? சொல்லால் காட்டுங்கள். படம் வந்தால் எல்லோருக்கும் ஒரே பூரணிதான், படம் இல்லாவிட்டால் ஆறு பூரணி. நாங்கள் எட்டு வருடமாகப் படம் இல்லாமல்தான் விளையாடுகிறோம்.

---

இருபதுமுகப்பகடை எழுதியது:

கரையோரம் அண்ணா, நீங்கள் சொல்வது எனக்கு விளங்குகிறது, கதை சொல்கிறவளுக்கு அது ஆசையான பேச்சும்தான். ஆனால் எங்கள் மேசையில் ஒருவருக்குப் போரின் செல்லடி காலத்தில் இருந்து ஒரு காது கேட்காது, மற்றக் காதும் மந்தம். ஆறு பேர் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினால் அவருக்கு எல்லாம் இரைச்சல்தான். அட்டையைக் கையில் கொடுத்தால் யார் இப்போது பேசுகிறார், யார் எங்கே நிற்கிறார் என்று அவர் உடனே பிடித்துக்கொள்வார். எங்களுக்குப் படம் அலங்காரம் அல்ல.

பழங்கடதாசி, கம்பனி ஓவியங்களை நேற்று இரவு ஒரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கள் இறக்குகிறவர் இருக்கிறார், மனைவி பானையோடு பக்கத்தில் நிற்கிறாள். பானையைப் பிடித்த கை அவ்வளவு இயல்பு. ஏறுகிற கருவிகள்தான் எனக்குச் சரியாக விளங்கவில்லை, இடுப்பில் தொங்குவது என்ன என்று தெரியவில்லை.

---

வடலி எழுதியது:

தங்கச்சி, இடுப்பில் தொங்குவதை எங்கள் வீட்டில் இயனக்கூடு என்போம். என் அம்மப்பா நாற்பது வருடத்துக்கு மேல் சீவல் தொழில், அதாவது பாளை சீவிக் கள் இறக்கும் தொழில் செய்தவர். அவருடைய கூடு இப்போதும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது, அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உள்ளே பாளைக்கத்திகள் இருக்கும். அலகு அகலமாக, சவர அலகு போலக் கூராக இருக்கும். பாளையை ஒவ்வொரு முறையும் மிக மெல்லிசாகச் சீவவேண்டும். கத்தி மழுங்கினால் பாளை கிழிந்துபோகும், சாறு வராது. அதனால் அம்மப்பா கத்தி தீட்டுவதை வேறு ஒருவரிடமும் கொடுக்கமாட்டார். உங்கள் பூரணி வில்லை விட்டாலும் விடுவாள், கத்தியை இரவல் கொடுக்கமாட்டாள்.

காலில் போடுவது தளைநார். எங்கள் வாயில் தளநார். நாரில் முறுக்கிய வளையம், இரண்டு பாதத்தையும் அதற்குள் விட்டு மரத்தை அணைத்துக்கொண்டு எழும்பி எழும்பி ஏறுவது. ஆணி வைத்த சப்பாத்து, இரும்புக் கொக்கி ஒன்றும் கிடையாது. காலையும் மாலையும் ஏறுவார், ஒவ்வொரு முறையும் பல மரம். அதனால் உடம்பில் எங்கே அடையாளம் இருக்கும் என்றால் நெஞ்சில், முழங்கையின் உட்பக்கத்தில், பாதத்தின் உள்விளிம்பில். அம்மப்பாவின் பாதத்தை நான் சின்னனில் தொட்டுப் பார்த்திருக்கிறேன், ஆமை ஓடு போலக் காய்த்திருக்கும். முகத்துக்கு முதல் அந்தப் பாதத்தை வரையுங்கள். பூரணி செருப்புப் போடக்கூடாது.

சாறு சேரும் முட்டிக்கு, அதாவது சிறு மண்பானைக்கு, உள்ளே சுண்ணாம்பு பூசினால் சாறு புளிக்காது, கருப்பநீராக இறக்கலாம். பூசாவிட்டால் கள். காயம் ஆற்றும் மருந்துநீர் விளையாட்டில் வருமே, பூரணி அதைக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கமாட்டாள் என்பது என் எண்ணம். சுண்ணாம்பு பூசிய சிறு முட்டியில்தான் இருக்கும்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழைய படங்களைப் பார்த்துவிட்டு அவளை நெஞ்சுக்குக் குறுக்கே துணி சுற்றிய குறுக்குக்கட்டோடு மட்டும் வரைந்துவிடாதீர்கள். எங்கள் அம்மம்மா காலத்தில் எங்கள் பெண்கள் சட்டை போட்டால் மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் அடித்தார்கள், கிழித்தார்கள். அது நாங்கள் விரும்பிக் கட்டிய உடுப்பு இல்லை. பழைய ஓவியத்தில் மேலாடை இல்லாமல் நிற்கிற பெண்ணுக்கும் அதே கதை இருக்கக்கூடும், வரைந்தவரோ வரையச் சொல்லி வாங்கியவரோ அவளிடம் கேட்டிருக்கமாட்டார்கள். உங்கள் உலகம் நீங்கள் உண்டாக்கியது. அங்கே பூரணி நல்ல கனமான நூல் சட்டை போடட்டும், மரத்தில் உரஞ்சாமல் இருக்க நெஞ்சுக்கு இரட்டைத் துணி வைத்துத் தைத்ததாகப் போடட்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் மரம் ஏறுவதில்லை, உங்கள் தங்கச்சி ஏற்றிவிட்டாள். அம்மப்பா இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைத்திருப்பார்.

---

மைத்துளி எழுதியது:

வடலி அண்ணா எழுதியதைப் பார்த்த பிறகு படம் பாதி முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். நான் வரைகிறவள். பழைய மடிக்கணினி, சின்ன வரைபலகை, கிரிட்டா மென்பொருள். கிரிட்டா இலவசம். போனில் வரைவதென்றால் ஐபிஸ் பெயின்ட் போதும்.

வரையத் தெரியாதவர்களும் செய்யக்கூடியது இது. தீப்பெட்டி அளவில் பத்துக் கட்டம் கீறுங்கள். ஒவ்வொன்றிலும் பூரணியைக் கறுப்பு நிழலாக மட்டும் நிரப்புங்கள், கண் மூக்கு வேண்டாம். தளைநார் தோளில் மாலை மாதிரிக் கிடந்தால் எப்படி, கையில் இருந்தால் எப்படி, இயனக்கூடு பின்னிடுப்பில் துருத்திக்கொண்டு நின்றால் எப்படி என்று மாற்றிப் பாருங்கள். பிறகு தாளை விறாந்தையின் மற்றத் தொங்கலில் வைத்துவிட்டு வந்து பாருங்கள். எந்த நிழல் அங்கேயிருந்தும் பூரணி என்று தெரிகிறதோ அதுதான் உங்கள் படம். கூடு, தளைநார், வில் மூன்றும் போதும். நாலாவதாக ஒரு வாளையும் கொடுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும்.

தோல் நிறம் பற்றி மனதில் நிறைய இருக்கிறது. எங்கள் நிறத்தை வரையும்போது பலர் வெள்ளைத் தோலுக்குக் கலந்த நிறத்திலேயே கறுப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது தோல் சாம்பல் பூசியது போல உயிரில்லாமல் போய்விடும். கபிலத்தில் இருந்து தொடங்குங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், சிவப்புக் கலந்த ஊதாவை எடுங்கள். வெளிச்சம் படும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் வானத்தின் நீலம் கொஞ்சம் விழும், வியர்த்த கறுத்த தோலில் அது சரியான வடிவாக இருக்கும். எங்கள் ஊர் மத்தியான வெயில் உச்சியில் இருந்து விழுந்து, வெள்ளை மணலில் பட்டுத் திரும்பிக் கீழே இருந்தும் வரும். தாடைக்குக் கீழே இருட்டு இருக்கவேண்டிய இடத்தில் இளம் செம்மஞ்சள் வெளிச்சம் இருக்கும். நம்பாவிட்டால் பன்னிரண்டு மணிக்கு யாரையாவது கடற்கரை மணலில் நிற்கவைத்துப் பாருங்கள். அந்த ஒரு வெளிச்சம் போதும், ஆள் இங்கேதான் நிற்கிறாள் என்று தெரிய.

அடிக்கும்போது ஒன்று. திரையில் இருப்பதைவிடக் கடதாசியில் கறுத்துத்தான் வரும். கறுத்த தோல் முகம் என்றால் கண்ணே தெரியாமல் போய்விடும். கடைக்குக் கொடுப்பதற்கு முதல் முகத்தை மட்டும் ஒரு படி வெளிறச் செய்து, ஒரு பிரதி அடித்துப் பார்த்துவிட்டு மிச்சத்தை அடியுங்கள். சீட்டுக்கட்டு அளவு அட்டை 63க்கு 88 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 744க்கு 1039 பிக்சல். அதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெருப்பித்தால் மங்கும். மேசையில் நகர்த்தும் ஓரங்குல வட்டத்துக்கு முழு உருவத்தைப் போடாதீர்கள், தலையும் தோளும் தோளில் கிடக்கும் தளைநாரும் போதும்.

ஓவியரிடம் கொடுப்பதாக இருந்தால், மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கும் பிள்ளைகளில் சித்திரமும் வடிவமைப்பும் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள். "வடிவாக ஒரு ரேஞ்சர் வேணும்" என்று சொல்லாதீர்கள். வடலி அண்ணா எழுதியதை அப்படியே கொடுங்கள், உங்கள் பத்து நிழல் படத்தையும் கொடுங்கள். எந்த அளவு, எங்கே பாவிப்பீர்கள், எத்தனை தரம் திருத்தக் கேட்பீர்கள் என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள். பாதிக் காசை முன்னுக்கே கொடுங்கள். பென்சில் கோட்டோடு ஒருமுறை பார்த்து ஓம் சொன்ன பிறகு நிறத்துக்குப் போகச் சொல்லுங்கள். நிறம் பூசி முடிந்த பிறகு காலை மாற்று என்றால் எங்களுக்கு அழுகை வரும். பின்னால் ரீசேட்டில் அடித்து விற்க ஆசை வந்தால் அது வேறு உடன்பாடு, வேறு காசு.

---

இருபதுமுகப்பகடை எழுதியது:

மூன்று கிழமை கழித்து வருகிறேன். கெதியாக எழுத நினைத்தேன், அட்டை கையில் வந்த பிறகு எழுதுவோம் என்று இருந்துவிட்டேன்.

நானும் தங்கச்சியும் பத்து நிழல் கீறினோம். எனக்குப் பிடித்தது வில்லை இழுத்துக்கொண்டு நிற்கிற ஆறாவது. வீட்டு விறாந்தை முழுக்கத் தள்ளி வைத்துப் பார்த்தால் அது யாராகவும் இருக்கலாம். மூன்றாவது மட்டும்தான் பூரணி. ஒரு கையை மரத்தில் வைத்து, தலையை அண்ணாந்து, ஏறுவதற்கு முதல் மரத்தை அளந்து பார்க்கிறாள். வில் முதுகில் சும்மா கிடக்கிறது. மைத்துளி சொன்ன மாதிரிப் பேசிக்கொண்டு, வரைகிற ஒரு பிள்ளையிடம் கொடுத்தோம். பென்சில் கோட்டில் ஒருமுறை திருத்தம் கேட்டோம், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி. வடலி அண்ணாவின் பாதத்தைப் பற்றி வாசித்துக் காட்டியபோது அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு பாதத்தை மட்டும் தனியாக ஒரு ஒற்றையில் மூன்றுதரம் கீறிப் பார்த்தது.

சட்டை கடும் நீலம், நெஞ்சில் இரட்டைத் துணி, தையல் கோடு கூடத் தெரிகிறது. வடலி அண்ணா, நீங்கள் எழுதியதை எங்கள் மேசையில் எல்லோரும் வாசித்தோம். எங்கள் உலகத்தில் உடுப்பை வைத்து யாரையும் அடித்த ஒரு காலம் இருந்ததா என்று தங்கச்சி என்னைக் கேட்டாள். கதை நடத்துகிறவள் நான், இன்னும் பதில் சொல்லவில்லை.

நிறம் பூசும்போது தங்கச்சி ஒன்று சேர்க்கச் சொன்னாள். பூரணியின் வலதுகைப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் நகக்கண்ணுக்குள் வெள்ளை. முட்டிக்குச் சுண்ணாம்பு பூசிய விரல். முதல் பிரதியில் முகம் கறுத்து அந்த வெள்ளை மட்டும்தான் தெரிந்தது, முகத்தை வெளிறச் செய்து திரும்ப அடித்த பிறகு இரண்டும் தெரிந்தது.

போன சனிக்கிழமை அட்டை கைமாறிக் கைமாறிப் போனது. காது கேட்காத அண்ணா அதை லைட்டுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, அந்த வெள்ளை விரலில் தன் விரலை வைத்து "இது என்ன, காயமா?" என்று கேட்டார். தங்கச்சி எழும்பிப் போய் அவருடைய நல்ல காதுப் பக்கமாக இருந்து சுண்ணாம்பு, முட்டி, கருப்பநீர் என்று தொடங்கிப் பூரணியின் முழுக்கதையையும் சொன்னாள். வந்த நாளில் இருந்து மேசையில் நாலு வசனத்துக்கு மேல் பேசாத பிள்ளை. அன்றைக்கு நாங்கள் பகடை உருட்டவே இல்லை.

அடுத்ததாக வற்றிய கடலுக்கு அந்தப் பக்கத்து அரசனுக்குப் படம் வேண்டும். கூத்து அரசனைப் போல முடியும் புஜகிரீடமும் வைக்க ஆசை. கோயில் வாகனசாலையில் இருக்கும் யாளியை அவனுடைய தேரில் செதுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தேரில் செதுக்குவது சரி, கொல்லப்படும் மிருகமாக மட்டும் அதை வைக்கமாட்டேன். புஜகிரீடத்தைத் தோளில் எப்படிக் கட்டுவார்கள், ஆடும்போது கழன்றுவிடாமல் எங்கே முடிச்சுப் போடுவார்கள் என்று கூத்தாடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முடிந்தால் முதுகுப் பக்கத்துப் படம் ஒன்று போடுங்கள்.